ஏழையின் கட்டைவிரலுக்குக் காவல்! நெல் மூட்டைக்கு மழை!

உணவு விநியோகத்தில் நவீன விஞ்ஞானம் புகுந்துவிட்டது, இனிப் பசி என்ற பேச்சுக்கே நாட்டில் இடமில்லை என்று டில்லியில் தம்பட்டம் அடிக்கிறார்கள். கைரேகை யந்திரம் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது, வானளாவும் எஃகுக் குதிர்கள் வந்துவிட்டன, ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு வந்துவிட்டது. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம். விளம்பரத்தில் மந்திரிகளின் புன்னகை.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். கனவான்களே, இந்த யந்திரங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள்?

வயலிலிருந்து சோற்றுப்பானை வரை நெல் வந்துசேரும் வழி நீண்டது. களம், கொள்முதல் நிலையம், லாரி, அரிசி ஆலை, கிடங்கு, ரயில் வண்டி, மறுபடியும் கிடங்கு, ரேஷன் கடை, கடைசியில் நம் வீட்டு அடுப்பு. இந்த வழி நெடுகிலும் நெல் நனைகிறது, சிந்துகிறது, எடை குறைகிறது, பெருச்சாளி தின்கிறது, இரண்டு கால் பெருச்சாளியும் தின்கிறது. அங்கெல்லாம் யந்திரத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால் வழியின் கடைசி முனையில், கையில் பையோடு நிற்கும் கிழவியின் கட்டைவிரலுக்கு மட்டும் யந்திரம் இரவு பகலாகக் காவல் இருக்கிறது!

இதுதான் இவர்கள் சொல்லும் நவீனம்.

ஈரத்தை அளக்க மீட்டர் உண்டு. உலர்த்த யந்திரம் இல்லை

காவிரிப் பாசனப் பகுதியை எடுத்துக்கொள்வோம். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும். அதன் குதிகாலைத் தொட்டுக்கொண்டே வடகிழக்குப் பருவமழையும் வரும். இது நேற்று முளைத்த சங்கதியல்ல. மழை முன்னறிவிப்பின்றி வந்துவிட்டது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

முன்பு கையால் அறுத்தோம். கட்டுக் கட்டினோம், களத்தில் அடித்தோம், வைக்கோலைப் போராகப் போட்டோம், நெல்லைத் தூற்றிக் காயவைத்தோம். வேலை பல நாள் நடந்தது, பல கைகளுக்குக் கூலி கிடைத்தது, நெல்லும் காய்ந்தது. இன்று அறுவடை யந்திரம் வயலில் இறங்குகிறது. பத்து நாள் வேலை பகல் பொழுதுக்குள் முடிகிறது. சுற்றுவட்டாரத்து நெல் முழுவதும் ஒரே சமயத்தில், பச்சை ஈரத்தோடு, கொள்முதல் நிலையத்தின் வாசலில் வந்து குவிகிறது.

அறுப்புக்கு யந்திரம் வந்தால் உலர்த்தவும் யந்திரம் வரவேண்டும் அல்லவா? அடுக்கக் கூரை வேண்டும் அல்லவா? அதே வேகத்தில் ஏற்றிச்செல்ல லாரி வேண்டும் அல்லவா? சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பத்து மடங்கு வேகமாக்கிவிட்டு, அடுத்த கண்ணியைப் பாட்டன் காலத்தில் விட்டால் சங்கிலி எங்கே அறும் என்று ஆலையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் சொல்லிவிடுவார்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு யந்திரம் நிச்சயமாக உண்டு: ஈரப்பதம் அளக்கும் மீட்டர். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் நெல் வேண்டாம் என்பது மத்திய சர்க்கார் விதி. ஈரம் இருக்கிறது என்று சொல்வதற்கு யந்திரம் இருக்கிறது. ஈரத்தைப் போக்குவதற்கு யந்திரம் பெரும்பாலான நிலையங்களில் இல்லை! ஜுரம் பார்க்கத் தெர்மாமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தே இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்துவார்களா? நெல்லுக்கு நடத்துகிறார்கள்.

2025 அக்டோபரில் நடந்தது நமக்கு மறக்காது. தார்ப்பாய் போட்டும் போடாமலும் சாலையோரத்திலும் நிலைய வாசலிலும் நெல் நாட்கணக்கில் கிடந்தது. மழை கொட்டியது. மூட்டைக்குள்ளேயே நெல் முளைவிட்டது. 22 சதவீதம் ஈரம் வரை வாங்க அனுமதி கொடுங்கள் என்று மாநில சர்க்கார் டில்லிக்கு எழுதியது. மத்தியக் குழுக்கள் வந்தன, மாதிரி எடுத்தன, ஆய்வுக்குக் கொண்டுபோயின. கடிதம் போகிறது, குழு வருகிறது, மாதிரி போகிறது. அதற்குள் நெல் நாற்றாகிறது! பருவம் தவறாமல் மழை வருவது போல, இந்தக் கடித நாடகமும் ஆண்டு தவறாமல் வருகிறது.

இதில் நஷ்டம் யாருக்கு? பெரிய மிராசுதாருக்குச் சொந்தக் கிடங்கு உண்டு, காத்திருக்கத் தெம்பும் உண்டு. நஷ்டம் குத்தகைக்காரனுக்கு, கடன் வாங்கிப் பயிர் செய்த ஏழை விவசாயிக்கு. அவன் சன்ன ரக நெல்லுக்குச் சர்க்கார் அறிவித்த குவிண்டால் 2,545 ரூபாயைக் காகிதத்தில் பார்த்துவிட்டு, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போனான். நஷ்டம் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு. லாரி வராத நாளில் அவனுக்கும் அடுப்பு எரியாது.

ஒரு சரித்திரத்தையும் நினைவூட்டுகிறோம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் தேதி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு துவங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட ஊர் எது தெரியுமா? தஞ்சாவூர்! 60 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தஞ்சைச் சீமையில் நெல் நடுத்தெருவில் நனைகிறது. சந்திரனுக்குக் கலம் அனுப்பத் தெரிந்த நாட்டில் நெல்லுக்குக் கூரை போடத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்? தெரியாமல் அல்ல; அக்கறை இல்லாமல்.

விரல் தேய்ந்தவன் குற்றவாளியா?

இனிச் சங்கிலியின் மறுமுனைக்குப் போவோம். அங்கே அக்கறைக்குக் குறைவே இல்லை!

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில் கைரேகையும் சேர்ந்தது. நாற்று நட்டு நட்டுச் சேற்றுப்புண் கண்ட விரல், சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வெந்த விரல், ஆலையில் ஆண்டுக்கணக்காக நூல் பிடித்து வழவழத்துப்போன விரல்: இவை யந்திரத்துக்குப் பிடிப்பதில்லை. அழிந்த ரேகையோடு நிற்பவர் யார்? உழைத்தவர்! தேயாத ரேகையோடு இருப்பவர் யார்? உழைக்காதவர்! உழைப்பின் தழும்பையே குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கும் யந்திரம் யாருடைய புத்தியில் உதித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

விரல் பதியவில்லை என்றால் அட்டையை ஸ்கேன் செய்தோ பதிவேட்டில் கையெழுத்து வாங்கியோ கொடுக்கலாம் என்று உத்தரவு இருக்கிறது. ஆனால் உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. ஜனங்கள் வரிசையில் இருக்கிறார்கள். “சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க” என்ற ஒரு வார்த்தையில் விவசாயத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வாங்கவந்த அரிசியின் பெறுமானத்தைவிட இழந்த கூலி அதிகம். கோபத்தில் நாம் கடைக்காரரைத் திட்டுகிறோம். அவரும் சொற்பச் சம்பளத் தொழிலாளிதான் என்பதை மறக்கவேண்டாம். 2025இல் கடைத் தராசையும் யந்திரத்தோடு பிணைத்தார்கள். நல்லது, எடை சரியாக இருக்கட்டும். ஆனால் கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைந்து வருகிறது என்று ரேஷன் கடை ஊழியர்கள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்களே, அந்த மூட்டையைக் கடை வாசலில் நிறுத்துக்கொடுக்கும் யந்திரம் எங்கே? கீழே மட்டும் எடை பார்ப்பது, மேலே கண்ணை மூடிக்கொள்வது! இது என்ன நியாயம்?

ஆயினும் தமிழ்நாட்டில் நிலைமை முற்றிலும் கெடாததற்குக் காரணம் ஒன்று உண்டு. 1997இல் மத்திய சர்க்கார் ஜனங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்து ரேஷனை வெட்டியபோது, எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. ஜனங்கள் கைவிட அனுமதிக்கவில்லை. அந்தத் தடுப்புச் சுவர் இல்லாத மாநிலத்தில் யந்திரம் என்ன செய்யும் என்பதை நம் ஆலைகளிலேயே, நமக்கு அடுத்த யந்திரத்தில் நிற்கும் தோழரைக் கேட்டால் தெரியும். கோவை, திருப்பூர் ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் பிழைக்கவந்த ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜார்க்கண்டில் நடந்தது என்ன?

2017 செப்டம்பர் மாதம், ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. மாதக்கணக்காக அரிசி இல்லை. தசரா விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் மதிய உணவும் இல்லை. சோறு, சோறு என்று கேட்டுக்கொண்டே பிள்ளை உயிர்விட்டது என்று பெற்ற தாய் சொன்னாள். மலேரியாவில் செத்தாள் என்று சர்க்கார் சொன்னது. நாம் தாயை நம்புகிறோம். அட்டை ரத்தானதையோ, அந்த வீட்டுக்கு ரேஷன் அரிசி வராததையோ எந்த வியாக்கியானத்தாலும் மறைக்க முடியாது.

இது ஏதோ ஒரு வீட்டில் தவறி நடந்ததா? இல்லை. அந்த மாநிலத்தின் 10 மாவட்டங்களில் பொருளாதார நிபுணர்கள் ஆய்வு செய்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 2016க்கும் 2018க்கும் இடையே “போலி” என்று ரத்துசெய்த அட்டைகளில் பத்துக்கு ஒன்பது என்று சொல்லத்தக்க அளவு, உண்மையான குடும்பங்களின் அட்டைகள்! கைரேகை முறையால் மட்டும் கசிவு குறையவில்லை. உரியவர்கள் ரேஷனை இழந்ததுதான் கண்ட பலன். திருடனைப் பிடிக்க வலை வீசினார்கள், அகப்பட்டது சொந்தக்காரன்!

அதோடு நின்றார்களா? ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் இன்னொரு “நவீன” சோதனை செய்தார்கள். 1 ரூபாய்க்கு வாங்கிய அரிசியை இனிக் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கு, வித்தியாசப் பணத்தை உன் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு நடை. எடுக்க ஒரு நடை. அரிசிக்கு ஒரு நடை. ஜனங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 2018 பிப்ரவரியில் நக்ரியிலிருந்து ராஞ்சிக்குக் கால்நடையாக ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் சர்க்கார் சோதனையை வாபஸ் வாங்கியது. கம்ப்யூட்டர் எழுதிய கணக்கை ஜனங்களின் கால்கள் திருத்தி எழுதின! இதை நாம் நன்றாக நினைவில் வைக்கவேண்டும்.

திருட்டு எந்த இடத்தில்?

“போலி அட்டை இல்லையா? ரேஷன் அரிசி கடத்தல் இல்லையா? அதைத் தடுக்க வேண்டாமா?” என்று படித்த கனவான்கள் கேட்பார்கள். தடுக்கத்தான் வேண்டும். நம் வாய்ச் சோற்றைத் திருடுபவன்மீது நம்மைவிட யாருக்குக் கோபம் அதிகம்? ஆனால் கடத்தல் லாரி லாரியாக நடக்கிறது. கிழவியின் பையில் லாரி ஓடுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கைரேகை “வந்தவர் யார்” என்று மட்டுமே சொல்லும். “கிடைத்தது எவ்வளவு” என்று சொல்லாது. 20 கிலோவுக்கு விரல் வைத்துவிட்டு 18 கிலோ வாங்கிப்போனாலும் யந்திரம் 20 என்றே எழுதிக்கொள்ளும். திருட்டுக்கு ரசீது போட்டுக்கொடுக்கும் காவல்காரனை எங்கேயாவது கண்டதுண்டா?

யந்திரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நாட்டிலேயே உதாரணம் உண்டு. சத்தீஸ்கரில் 2004இல் ரேஷன் கடைகளைத் தனியார் வியாபாரிகளிடமிருந்து எடுத்துப் பஞ்சாயத்துகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பெண்கள் குழுக்களிடமும் கொடுத்தார்கள். சர்க்கார் லாரிகளே கடை வாசல்வரை அரிசி கொண்டுவந்தன. எல்லோருக்கும் அடையாளம் தெரியும்படி லாரிக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். 2007 முதல் நெல் கொள்முதலையும் கிடங்குக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கிடங்கை விட்டு லாரி கிளம்பினால் ஊர்க்காரர்களின் டெலிபோனுக்குச் செய்தி போனது. லாரி வரவில்லை என்றால் கேட்க ஊரே நின்றது. சிரிப்புக்கிடமான அந்த மாநிலத்து ரேஷன், சில ஆண்டுகளில் மற்றவர்கள் வந்து பார்த்துப்போகும்படி ஆயிற்று. அப்போது அங்கே ஆட்சியில் இருந்த கட்சிக்கு நாம் நற்சான்று வழங்கவில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: யந்திரத்தின் கண் லாரியின்மீது விழுந்தபோது அரிசி கடைக்கு வந்தது, கட்டைவிரலின்மீது விழுந்தபோது ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

கிடங்கின் சாவி யார் கையில்?

சேமிப்புக்கு நவீன எஃகுக் குதிர் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் எப்படிக் கட்டினார்கள்? பஞ்சாபில் மோகா, அரியானாவில் கைத்தல் ஆகிய ஊர்களில் தலா 2 லட்சம் டன் கோதுமை கொள்ளும் குதிர்களை அதானி கம்பெனி கட்டி 2007 முதல் நடத்திவருகிறது. பொதுப் பணத்திலிருந்து நீண்டகாலத்துக்கு உத்தரவாதக் கட்டணம்! முதலாளிக்குக் கிடைத்த இந்த உத்தரவாதம் நெல் விளைவித்தவனுக்கு உண்டா? “இத்தனை மூட்டை எடுத்தே தீருவோம், எடுக்காவிட்டாலும் பணம் தருவோம்” என்று எந்தக் கொள்முதல் நிலையத்திலாவது எழுதிவைத்திருக்கிறார்களா?

2020இல் கொண்டுவந்த மூன்று விவசாயச் சட்டங்களில் ஒன்று அத்தியாவசியப் பண்டச் சட்டத்தின் திருத்தம். தானியத்தின் விலை 50 சதவீதம் ஏறும்வரை பதுக்கலுக்குத் தடை இல்லை என்றது அது. பெரிய குதிர், தடையில்லாப் பதுக்கல்: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், கணக்குப் புரியும். ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்த விவசாயிகள் அந்தச் சட்டங்களை 2021 நவம்பரில் ரத்துசெய்ய வைத்தார்கள்.

கிடங்கில் இருக்கும் அரிசியாவது பசித்தவனுக்குப் போகிறதா? 2023 ஜூனில் கர்நாடக சர்க்கார், தன் ஜனங்களுக்குக் கூடுதல் அரிசி கொடுக்க, கிலோ 34 ரூபாய் ரொக்கம் கொடுத்து உணவுக் கழகத்திடம் வாங்க முன்வந்தது. மாநிலங்களுக்கு விற்பனை கிடையாது என்று மத்திய சர்க்கார் கதவைச் சாத்தியது. பிறகுதான் அந்தத் தடை தளர்ந்தது. 2025இலோ, அதே கிடங்குகளின் அரிசியில் 52 லட்சம் டன் எத்தனால் காய்ச்சும் ஆலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. என்ன விலை? கிலோ 22 ரூபாய் 50 காசு! பசித்த வயிற்றுக்கு 34 ரூபாய்க்கும் இல்லாத அரிசி, மோட்டாரின் வயிற்றுக்கு 22½ ரூபாய்க்குக் கிடைத்தது!

52 லட்சம் டன் என்றால் எவ்வளவு? தலைக்கு மாதம் 5 கிலோ என்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் எழுதிவைத்த கணக்கில், 8 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு ஓராண்டு முழுவதும் போதும். 2011 ஜனத்தொகைக் கணக்கையே பிடித்துக்கொண்டிருப்பதால் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பதாக 2020இலேயே பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டு முறை எழுதப்பட்ட பெயரை ஒரு நொடியில் பிடிக்கும் கம்ப்யூட்டருக்கு, ஒரு முறைகூட எழுதப்படாத இந்தக் கோடிப் பேரைக் காணக் கண்ணில்லை!

நாம் யந்திரத்தின் விரோதிகளா?

இல்லை, தோழர்களே! யந்திரத்தோடு அன்றாடம் வாழ்பவர்கள் நாம். ஆலையில் புது யந்திரம் வந்தபோது நாம் கண்டது என்ன? யந்திரம் நம் முதுகுச் சுமையைக் குறைக்கவும் செய்யலாம், இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் தலையில் கட்டவும் செய்யலாம். யந்திரம் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அதை நிறுத்துபவன் தீர்மானிக்கிறான். ஒரே நாடு ஒரே கார்டு என்பதும் அப்படித்தான். பீகார்த் தொழிலாளி திருப்பூரில் தன் பங்கு அரிசியை வாங்க அது உதவுமானால் அந்த யந்திரத்தை நாம் வரவேற்போம். அட்டையே இல்லாதவனுக்கு அட்டை கொடுக்காமல், அட்டை உள்ளவனின் விரலை மட்டும் சந்தேகிப்பதற்கானால் எதிர்ப்போம்.

ஆகவே நமது கோரிக்கை யந்திரத்தை உடைக்க அல்ல, திருப்பி நிறுத்த!

1. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் நிரந்தரக் கூரையும் தளமும் உலர்த்தும் யந்திரமும் வேண்டும். மழைக்காலத்துக்கான ஈரப்பத வரம்பை அறுவடைக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

2. கிடங்கிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லாரியின் எடையும் நேரமும் ரேஷன் கடைப் பலகையிலும் ஜனங்களின் டெலிபோனிலும் தெரியவேண்டும். மூட்டையைக் கடை வாசலில் நிறுத்துக்கொடுக்க வேண்டும்.

3. விரல் பதியவில்லை, சர்வர் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு குடும்பத்தையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வீட்டுக்கு வந்து விசாரிக்காமல், கிராமசபையில் படிக்காமல் ஓர் அட்டையும் ரத்தாகக்கூடாது.

4. பிழைக்கவந்த தொழிலாளி உட்பட, விடுபட்ட அனைவருக்கும் அட்டை வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆலைச் சாராயத்துக்கும் எத்தனாலுக்கும் அரிசி.

5. குதிரும் கிடங்கும் பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். யந்திரம் வரும் இடத்தில் சுமைதூக்கும் தொழிலாளிக்கு மாற்று வேலையும் கூலியும் உத்தரவாதம் வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? ஒன்றும் இல்லை. கருவி இருக்கிறது, அறிவு இருக்கிறது, பணமும் இருக்கிறது. இல்லாதது நம் பக்கத்து நெருக்குதல். அடுத்த அறுவடைக்கு முன், கொள்முதல் நிலைய வாசலில் விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் சுமைதூக்குபவரும் ஒன்றாக நிற்கட்டும். ரேஷன் கடை வாசலில் ஆலைத் தொழிலாளியும் அவர் வீட்டுப் பெண்களும், வடக்கேயிருந்து வந்த தோழரும் கடை ஊழியரும் ஒன்றாக நிற்கட்டும். ஒவ்வொரு ஊரிலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரேகை தேய்ந்தவர்கள் கையெழுத்துப் போடட்டும், கைநாட்டு வைக்கட்டும். யந்திரம் ஏற்காத அந்த விரல்களைச் சர்க்கார் ஏற்றே தீரவேண்டும்!